தொட்டியில் எவ்வளவு?

"நான் திருடனைப் பிடிக்கக் கத்துக்கலாம்னு வந்தேனுங்க மேடம். தண்ணித் தொட்டிய அளக்கறதுக்கு வரல."

கயற்கண்ணி தலையைத் தூக்கவில்லை.

"தொட்டியில எவ்வளவு?" என்றார்.

"நாப்பத்திரண்டு இன்ச்சு."

"சரிங்க சார்."

அவ்வளவுதான். அன்றைய பாடம் முடிந்தது.

குழந்தைவேலு தன் நாற்காலியில் போய் விழுந்தார். பெயரில்தான் குழந்தை. வயது ஐம்பத்து மூன்று. வலது முழங்காலைக் கேட்டால் அது இன்னும் பத்து கூட்டிச் சொல்லும். ஆசிரியை கயற்கண்ணிக்கோ நாற்பதுகூட ஆகவில்லை. இந்த வயதில் ஒருவர் மாணவனாக வந்து உட்கார்ந்தால் என்ன பாடு படுவாரோ அத்தனையும் அவர் பட்டுக்கொண்டிருந்தார்.

கட்டடம் சேலத்தில் ஒரு கடைவீதியில் இருந்தது. கீழே மூக்குக்கண்ணாடிக் கடை, அதற்கு மேலே பல் டாக்டர், அதற்கும் மேலே கயற்கண்ணியின் அலுவலகம். லிஃப்ட் கிடையாது.

கம்பெனிகளில் பணம் மாயமாகப் போகும் அல்லவா, அது எந்த வழியாகப் போனது, யார் கையால் போனது என்று கணக்கை வைத்தே கண்டுபிடிப்பது கயற்கண்ணியின் தொழில். அதற்குப் படிப்பு உண்டு, பரீட்சை உண்டு. குழந்தைவேலு அந்தப் பரீட்சையை இரண்டு முறை எழுதி இரண்டு முறையும் கோட்டைவிட்டிருந்தார். புத்தகம் போதாது, கூடவே இருந்து கற்றால்தான் வரும் என்று யாரோ சொல்ல, இங்கே வந்து சேர்ந்தார்.

சேர்ந்த அன்றே அவர் கையில் ஒரு மூங்கில் கழி வந்தது. அங்குலம் அங்குலமாகக் கோடு போட்ட கழி. மொட்டை மாடிக்குப் போகவேண்டும். அங்கே ஓர் இரும்பு ஏணி. அதிலும் ஏறித் தொட்டியின் மூடியைத் தள்ளிக் கழியை உள்ளே விட்டு, ஈரம் எதுவரைக்கும் ஏறியிருக்கிறது என்று பார்த்து வந்து சொல்லவேண்டும். காலையில் ஒருமுறை, சாயங்காலம் ஒருமுறை.

எதற்கு என்று அவர் கேட்டார்.

"எனக்குத் தெரியணும், அதுக்குத்தான்" என்றார் கயற்கண்ணி.

அவர் அந்த எண்ணை எங்கேயும் எழுதி வைத்ததில்லை. யாருக்கும் போன் செய்து சொன்னதில்லை. கேட்பார், தலையை ஆட்டுவார், தன் வேலையைப் பார்ப்பார். குழந்தைவேலுவுக்கு அதுதான் எரிச்சல். முழங்காலைப் பிடித்துக்கொண்டு ஏறி இறங்குகிறவனுக்கு, தான் கொண்டுவந்த எண் ஒரு காதில் நுழைந்து மறு காதில் வெளியே போவதைப் பார்ப்பதற்கு எப்படி இருக்கும்?

 

அவர் ஏன் இதையெல்லாம் பொறுத்துக்கொண்டார் என்றால், அதற்கு ஒரு காரணம் இருந்தது.

அவர் ஒரு நூல் மில்லில் இருபது வருஷத்துக்கு மேல் கணக்கு பார்த்தவர். அந்த மில்லில் மேனேஜர், பிறக்காத ஆட்களுக்கெல்லாம் பெயர் வைத்துச் சம்பளம் போட்டு எடுத்துக்கொண்டிருந்தார். மாதா மாதம் அந்தச் சம்பளக் கணக்கின் கீழே கையெழுத்துப் போட்டது குழந்தைவேலு. கண்ணுக்கு முன்னால் நடந்தது, கண்ணில் படவில்லை. மில் மூடிய பிறகுதான் தெரிந்தது.

யாரும் அவரைத் திட்டவில்லை. போலீஸ்கூட அவரை உட்காரவைத்துக் காபி வாங்கிக் கொடுத்து அனுப்பிவிட்டது. பாவம், ஒன்றும் தெரியாத மனுஷன் என்று அத்தனை பேரும் ஒரே குரலில் சொன்னார்கள். அதைவிட இரண்டு அறை விட்டிருக்கலாம்.

அன்றிலிருந்து அவருக்கு ஒரே ஒரு ஆசை. வாழ்க்கையில் ஒரு திருடனையாவது தன் கையால் பிடித்துவிடவேண்டும்.

 

ஒருநாள் குழந்தைவேலு கேட்டார், "ஒருத்தன் எதையோ மறைக்கிறான்னா அத எப்படீங்க வெளிய கொண்டுவர்றது?"

கயற்கண்ணி பேனாவை மூடி வைத்தார். நாற்காலியை அவர் பக்கம் திருப்பிக்கொண்டார். அவர் முகத்தைப் பார்த்தபடி சும்மா உட்கார்ந்திருந்தார்.

பதில் வரும் வரும் என்று குழந்தைவேலு காத்திருந்தார். வரவில்லை. மின்விசிறி சுற்றியது. பல் டாக்டரின் மெஷின் கீழே கிர்ரென்று ஓடி நின்றது. அவருக்கு இருப்புக் கொள்ளவில்லை. புத்தகத்தில் அந்த அத்தியாயத்தைத் தான் படித்துவிட்டதாகச் சொன்னார். அப்புறம், முழுக்கப் படிக்கவில்லை, பாதிதான் என்றார். அப்புறம், சர்க்கரை வியாதி இருந்தும் தினமும் பஸ் ஸ்டாண்டில் இறங்கியதும் தான் ஒரு மைசூர்பாகு சாப்பிடுவதையும், அது வீட்டில் தெரியாது என்பதையும் சொன்னார்.

"நான் ஒண்ணுமே கேக்கலீங்களே சார்" என்றார் கயற்கண்ணி.

இன்னொரு நாள் கயற்கண்ணியே அவரைக் கூப்பிட்டார்.

"ஒண்ணுல இருந்து நூறுக்குள்ள ஒரு நம்பர் சொல்லுங்க."

"முப்பத்தேழு."

"இன்னொண்ணு."

"எழுபத்துமூணு."

"இன்னொண்ணு."

"அறுபத்தெட்டு."

"ஏன் சார், ஐம்பதுன்னு சொல்லல?"

குழந்தைவேலு யோசித்தார். "ஐம்பதுன்னா சும்மா வாய்க்கு வந்தத அடிச்சு விட்ட மாதிரி இருக்குமுங்களே" என்றார்.

கயற்கண்ணி சிரித்துவிட்டு வேலையைப் பார்க்கப் போய்விட்டார்.

அன்று பஸ்ஸில் வீட்டுக்குப் போகும்போது குழந்தைவேலுவுக்கு அது உறைத்தது. அளந்து எழுதுகிறவன் பத்தையும் எழுதுவான், பதினைந்தையும் எழுதுவான். மனதிலிருந்து எடுத்து எழுதுகிறவன் பூஜ்யத்துக்கும் ஐந்துக்கும் பயந்து ஒதுங்கிப் போவான். பார்க்கிறவனுக்கு நம்பிக்கை வரவேண்டுமே. அடேங்கப்பா என்று நினைத்துக்கொண்டார். இந்த ஒன்றுக்காக எத்தனை மாடி வேண்டுமானாலும் ஏறலாம் என்று நினைத்தார். அடுத்த நாள் காலை ஏணியில் கால் வைத்ததும் அந்த நினைப்பு போய்விட்டது.

 

நாமக்கல் பக்கத்தில் ஒரு கோழித்தீவன ஆலையிலிருந்து ஆள் வந்தது அந்தச் சமயத்தில்தான்.

ஆலைக்கு லாரி லாரியாக மக்காச்சோளம் வரும். ஈரச் சோளத்தை வாங்கி வைத்தால் பூஞ்சை பிடித்துவிடும். அதனால் ஒவ்வொரு லாரியும் வாசலில் நிற்கவேண்டும். ஓர் ஆள் மேலே ஏறி, மூட்டைகளில் குத்தூசியால் குத்திச் சோளம் எடுத்து, மெஷினில் போட்டு ஈரம் எவ்வளவு என்று பார்ப்பார். நூற்றுக்குப் பதினான்குக்கு மேல் போனால் லாரி திரும்பிப் போகவேண்டும். அந்த வருஷம் ஒரு லாரிகூடத் திரும்பிப் போகவில்லை. அத்தனையும் பதிமூன்று சொச்சம்.

ஆனால் குடோனில் இருந்த சோளம் முழுக்கப் பூத்துப்போயிருந்தது. அந்தத் தீவனத்தைத் தின்ற கோழிகள் பண்ணை பண்ணையாகச் சாய்ந்தன. பண்ணைக்காரர்கள் செத்த கோழிகளைக் கொண்டுவந்து ஆலை வாசலில் கொட்டிவிட்டுப் போனார்கள்.

முதலாளிக்கு ஒரு பெயர் வேண்டும். பெயர் கிடைத்தால் அன்றைக்கே போலீஸில் கொடுத்துவிடுவதாகச் சொல்லியனுப்பியிருந்தார். இன்ஸ்பெக்டரிடம் பேசி வைத்தாகிவிட்டது. எழுதிக் கொடுக்கவேண்டியதுதான் பாக்கி.

"நீங்க போயிட்டு வாங்க சார்" என்றார் கயற்கண்ணி.

"நானுங்களா?"

"திருடனைப் பிடிக்கணும்னீங்களே."

 

குழந்தைவேலு போனார். வாசலிலிருந்து மெயின் ரோடு வரைக்கும் லாரிகள் நின்றன. எல்லாவற்றின் மேலும் தார்ப்பாய். சோளத்தூசி தொண்டையை அடைத்தது.

ஆபீசில் உட்கார்ந்து ஈரக்கணக்கைக் கொண்டுவரச் சொன்னார். பதிமூன்று புள்ளி இரண்டு. பதிமூன்று புள்ளி ஏழு. பதிமூன்று புள்ளி நான்கு. பக்கம் பக்கமாகத் தள்ளிக்கொண்டே போனார். கொஞ்ச நேரத்தில் அவர் விரல் நின்றது. திரும்ப முதலிலிருந்து பார்த்தார். சீசன் தொடங்கியதிலிருந்து ஒரு லாரிகூட வெறும் பதிமூன்று இல்லை. ஒன்றுகூடப் பதிமூன்றரை இல்லை.

பூஜ்யமும் ஐந்தும் அந்தக் கணக்கில் எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

எத்தனையோ வருஷம் கழித்துக் குழந்தைவேலுவுக்குத் தன்மேல் கொஞ்சம் மரியாதை வந்தது. இந்த எண்களை எழுதியவன் எதையும் அளக்கவில்லை. காசு வாங்கிக்கொண்டு ஈரச் சோளத்தை உள்ளே விட்டிருக்கிறான். வேறு என்ன?

ஈரம் பார்க்கிறவர் பெயர் மாரப்பன். ஐம்பதைத் தொடப்போகும் வயது, காய்ந்த உடம்பு, புருவத்திலெல்லாம் சோளத்தூசி. முன்பு இந்த வேலைக்கு இரண்டு பேர் இருந்தார்கள். செலவு அதிகம் என்று ஒருவரை நிறுத்திவிட்டார்கள். ஆபீஸ் கிளார்க் இதைப் பேச்சோடு பேச்சாகச் சொன்னார். குழந்தைவேலு தலையாட்டினார். அவர் மனதில் வேறு கணக்கு ஓடிக்கொண்டிருந்தது. ஒருவனே இருந்தால் திருடுவது எத்தனை சுலபம் என்பதுதான் அது.

மாரப்பன் வந்து நின்றார்.

"உக்காந்துக்கட்டுங்களா சார்?" என்று கேட்டார்.

குழந்தைவேலு உட்காரச் சொன்னார். கேள்வி கேட்பதற்கு முன்னாலேயே கால் ஆடுகிறது பார் என்று மனதில் குறித்துக்கொண்டார்.

"ஒவ்வொரு வண்டியும் ஏறி அளக்கறீங்களா?"

"அளக்கறதுதானுங்க."

"எல்லா வண்டியுமா?"

மாரப்பன் ஜன்னல் வழியாக வெளியே நின்ற வரிசையைப் பார்த்தார். "வண்டி நெறையங்க" என்றார்.

"நான் கேட்டது அதில்ல. அளக்காம எழுதியிருக்கீங்க. சரிதானுங்களா?"

மாரப்பன் மறுப்பார், கத்துவார், குலதெய்வத்தின் மேல் சத்தியம் பண்ணுவார் என்றெல்லாம் குழந்தைவேலு தயாராக இருந்தார்.

"ஆமாங்க" என்றார் மாரப்பன்.

குழந்தைவேலு நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். இந்த ஒரு கேள்வியைக் கேட்கத்தான் மில் மூடிய நாளிலிருந்து அவர் உயிரோடு இருந்தார்.

"இதுல உங்களுக்கு எவ்வளவு கிடைச்சுது?"

மாரப்பன் நிமிர்ந்து பார்த்தார். "கிடைச்சுதுங்களா?" என்றார். அப்புறம் தரையைப் பார்த்தார்.

குழந்தைவேலு ஆசிரியையின் பாடத்தை நினைத்துக்கொண்டார். சும்மா இருந்தார். மௌனம் தாங்காமல் அந்த ஆள் தானே கொட்டிவிடுவான் என்று காத்திருந்தார். நேரம் போனது. வெளியே ஒரு லாரிக்காரர் ஹாரனை அழுத்திக்கொண்டே இருந்தார். மாரப்பன் எதையும் கொட்டவில்லை. அவர் கண்கள் மெல்ல மூடின, தலை ஒருமுறை முன்னால் சாய்ந்து நிமிர்ந்தது.

போலீஸுக்குப் போகிற நிலையில் தூக்கமா? கல்நெஞ்சன் என்று நினைத்தார் குழந்தைவேலு.

 

மத்தியானம் கழிந்து சேலம் திரும்பினார். பஸ்ஸில் இடம் கிடைக்காமல் நின்றுகொண்டே வந்ததில் முழங்கால் வீங்கியிருந்தது. ஆனாலும் மாடிப்படியை ஓர் இளைஞனைப் போல ஏறினார். பிடித்துவிட்டேன் என்று ஆரம்பித்து, ஒன்று விடாமல் சொன்னார். பூஜ்யமும் ஐந்தும் இல்லாததைச் சொல்லும்போது அவர் குரலே மாறிப்போயிற்று. கயற்கண்ணி கடைசிவரை கேட்டார்.

"நல்லாப் பாத்திருக்கீங்க சார்" என்றார்.

குழந்தைவேலுவுக்குக் கண் கலங்கியது. அதை மறைக்கத் தண்ணீர் குடித்தார்.

நல்ல காய்ந்த சோளம் கொண்டுவந்தவர்களும் உண்டா என்று கயற்கண்ணி கேட்டார். உண்டு என்றார் குழந்தைவேலு. அவர்களுக்கும் இதே மாதிரி எண்தானா என்றார். ஆமாம் என்றார்.

"காஞ்ச சோளத்துக்கு அவுங்க எதுக்குங்க காசு குடுக்கணும்?"

"கெட்டிக்காரனுங்க மேடம். சந்தேகம் வரக்கூடாதுன்னு எல்லாத்துக்கும் ஒரே மாதிரி போட்டிருக்கான்."

மாரப்பனின் வீட்டை, வங்கிக் கணக்கைப் பார்த்தாயிற்றா என்று கேட்டார். வரும் வழியில் பார்த்ததாகவும், ஓட்டு வீடுதான் என்றும், பாஸ்புக்கில் ஒன்றும் இல்லை என்றும் சொன்னார். ஒன்றும் இல்லாததே சந்தேகமாக இருக்கிறது, வேறு எங்கேயோ பதுக்கியிருக்கிறான் என்றும் சேர்த்துச் சொன்னார்.

அவரிடம் எல்லாவற்றுக்கும் பதில் இருந்தது. எந்தப் பக்கம் திருப்பினாலும் மாரப்பன் திருடன்தான். இருபது வருஷம் ஒன்றையும் சந்தேகப்படாமல் இருந்த மனுஷர், மொத்தத்தையும் சேர்த்துவைத்து இப்போது ஒரே ஆள்மேல் இறக்கிக்கொண்டிருந்தார். அவர்மேல் கோபப்பட முடியாது. அலுத்துப்போனவர்கள் அப்படித்தான், கையில் அகப்பட்டதை விடமாட்டார்கள்.

"சரி, எழுதுங்க" என்றார் கயற்கண்ணி. "நாளைக்குக் காலைல முதலாளியே வர்றாரு. நான் கையெழுத்துப் போட்டுக் குடுத்தர்றேன்."

குழந்தைவேலு எழுத உட்கார்ந்தார். அறிக்கை நன்றாகவே வந்தது. அளக்காமல் எழுதியதை ஒப்புக்கொண்டார் என்று எழுதினார். ஆதாயம் பற்றிக் கேட்டதற்குப் பதில் சொல்லாமல் தரையைப் பார்த்தார் என்று எழுதினார். விசாரணை தொடங்கும் முன்பே நிற்க முடியாமல் உட்கார அனுமதி கேட்டார், இது குற்ற உணர்வின் அறிகுறி என்று எழுதிவிட்டு, அந்த வரியைத் தானே ஒருமுறை ரசித்துப் படித்தார்.

வெயில் இறங்கிவிட்டது. கயற்கண்ணி பையை எடுத்துக்கொண்டு கிளம்பினார். வாசலில் நின்று திரும்பிப் பார்த்தார்.

"தொட்டியில எவ்வளவு?"

கழி மூலையில் சாத்தியபடி அப்படியே இருந்தது. குழந்தைவேலு அன்று சாயங்காலம் மாடிக்குப் போகவில்லை. போகவேண்டும் என்ற நினைப்பே வரவில்லை. உண்மையைச் சொன்னால் இது முதல் தடவையும் இல்லை. முழங்கால் அதிகமாக வலிக்கிற நாட்களில் அவர் பாதிப் படியில் நின்று, காலையில் இவ்வளவு, பகலில் இவ்வளவு செலவாகியிருக்கும் என்று கழித்துப் பார்த்துச் சொல்லிவிடுவார். ஒரு தடவையும் தப்பாகப் போனதில்லை. போயிருந்தாலும் யாருக்குத் தெரியும்?

"முப்பத்தேழு" என்றார்.

"சரிங்க சார்" என்றார் கயற்கண்ணி. படியிறங்கிப் போனார்.

 

காலையில் குழந்தைவேலு சலவைச் சட்டை போட்டுக்கொண்டு வந்தார். அறிக்கையை மேஜைமேல் வைத்தார். கயற்கண்ணி வரிவரியாகப் படித்தார். தரையைப் பார்த்தார் என்ற இடத்தில் கொஞ்சம் நின்றார். உட்கார அனுமதி கேட்டார் என்ற இடத்தில் இன்னும் கொஞ்சம் நின்றார்.

அப்புறம் அறிக்கையையும் பேனாவையும் கையில் எடுத்துக்கொண்டு எழுந்தார்.

"மேல போலாம் வாங்க சார்."

"எதுக்குங்க?"

அவர் அதற்குள் படியேறத் தொடங்கிவிட்டார்.

குழந்தைவேலு பின்னால் போனார். முதல் நாளைய வீக்கம் இறங்கவே இல்லை. கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு, ஒரு படிக்கு இரண்டு காலும் வைத்து ஏறினார். மொட்டை மாடி வெயிலில் கண் கூசியது. கயற்கண்ணி இரும்பு ஏணியின் பக்கத்தில் ஒதுங்கி நின்றார். ஏறச் சொல்கிறார் என்று புரிந்தது. ஏறினார்.

தொட்டியின் மூடி ஏற்கெனவே கழற்றி வைக்கப்பட்டிருந்தது.

உள்ளே ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. தரை காய்ந்து வெளுத்திருந்தது. ஓரத்தில் சுரண்டிக் குவித்த பாசியும், ஒரு தென்னந்துடைப்பமும் கிடந்தன.

"உள்ள புறா விழுந்து செத்துப்போச்சுன்னு நேத்துக் காலைல நீங்க நாமக்கல் பஸ் ஏறுனதுமே மொத்தத்தையும் தொறந்து விட்டுட்டாங்க" என்றார் கயற்கண்ணி, கீழேயிருந்து. "இன்னிக்கு மத்தியானம்தான் தண்ணி லாரி வருது."

குழந்தைவேலு ஏணியிலேயே நின்றார். இறங்குவதற்கு நிறைய நேரம் எடுத்துக்கொண்டார். இறங்கியதும் பேச ஆரம்பித்தார். நேற்று பஸ்ஸில் நின்றுகொண்டே வந்ததைச் சொன்னார். காலைச் சொன்னார். அறிக்கை அவசரத்தைச் சொன்னார்.

கயற்கண்ணி சும்மா நின்றார்.

இது முதல் தடவை இல்லை என்பதையும் குழந்தைவேலு சொன்னார். எத்தனை தடவை என்று தனக்கே தெரியாது என்றார். தினமும் ஏறி இறங்கிக் கொண்டுவந்து சொல்கிற எண்ணை யாரும் காதில்கூடப் போட்டுக்கொள்வதில்லையே, அப்புறம் எதற்கு ஏறுவது என்று தோன்றிவிட்டது என்றார். சொல்லும்போதே அவர் குரல் தேய்ந்தது.

கயற்கண்ணி எல்லாம் முடியும்வரை பொறுத்திருந்தார். அப்புறம் கேட்டார்.

"இதுல உங்களுக்கு எவ்வளவு கிடைச்சுது?"

குழந்தைவேலு நிமிர்ந்து பார்த்தார். "கிடைச்சுதுங்களா?" என்றார்.

தரையைப் பார்த்தார்.

கீழே தெருவில் ஒரு கார் வந்து நின்றது. கதவு திறந்து மூடும் சத்தம் கேட்டது. இரண்டு முறை ஹாரன் அடித்தது. பல் டாக்டர் வாசலில் யாரோ, மேல்மாடிக்கு எப்படிப் போவது என்று விசாரித்தார்கள்.

கயற்கண்ணி அறிக்கையைக் கைப்பிடிச் சுவர்மேல் வைத்துக் கடைசிப் பக்கத்தைத் திருப்பினார். பேனாவைத் திறந்தார்.

"கையெழுத்துப் போட்டரட்டுங்களா சார்?"

குழந்தைவேலு வீங்கிய காலை மாற்றி வைத்தார். தொட்டியின் நிழலில் ஒரு செங்கல் திட்டு இருந்தது. அவர் அதைப் பார்த்தார், ஆசிரியையைப் பார்த்தார்.

"உக்காந்துக்கட்டுங்களா மேடம்?"

சொன்ன வார்த்தை அவர் காதிலேயே விழுந்தது. அப்படியே நின்றுவிட்டார்.



படியில் காலடிச் சத்தம் ஏறிவந்தது. முதலாளி மூச்சு வாங்கிக்கொண்டே, பெயர் தெரிந்துவிட்டதா என்று கீழேயிருந்தே கேட்டுக்கொண்டு வந்தார்.

குழந்தைவேலு திட்டில் உட்கார்ந்தார். கையை நீட்டி அறிக்கையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார்.

"பேனாவையும் குடுங்க, திருத்தணும்" என்றார்.